கோல் விளக்கு ஓரெஸ்ட்

ஓரெஸ்ட் பாஸ்னிக் முப்பத்து நான்கு வருடம் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் கோல் வலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். பக் என்கிற ரப்பர் வில்லை கோட்டைத் தாண்டினால் பொத்தானை அமுக்க வேண்டும். வலைக்கு மேலே விளக்கு எரியும். அவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது. இடைவேளையில் ஒரு காபி, ஒரு ஹாட் டாக். அந்தக் கூண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கால் விரல் நம்முடையதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு எவனும் அந்த வேலைக்கு ஆசைப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் ஆசைப்பட்டது ஆடுவதற்குத்தான். எங்கள் ஊர் டன்வெல்லில் 1968இல் பேட்ஜர்ஸ் அணியை ஆரம்பித்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. முதல் தேர்வு முகாமுக்குப் போனான். மூன்றாம் நாள் காலையில் கதவில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. கால் வேகம் போதாது என்றார்களாம். நானாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அவன் பத்து வருடம் கழித்து, ஊருக்கு வடக்கே அப்பா நிலத்தில் விவசாயம் செய்துகொண்டு, நெட்டியைக் கல்யாணமும் கட்டிக்கொண்டு, ஒரு நாள் அரங்கத்துக்கு வந்து, "அந்த விளக்கை நான் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டான். அப்போது நான் அணியின் பேருந்து ஓட்டுநர். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

1991இல் அரையிறுதி. தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம், முதல் கோல் போட்டவன் ஜெயித்தான் என்கிற கூடுதல் நேரம், எங்கள் அரங்கம். டன்வெல் ஜனத்தொகையில் பாதி உள்ளே இருந்தது. எதிரணிக்காரன் அடித்த பக் எங்கள் கோலியின், அதாவது கோல் காக்கிற பையனின், காலுக்கடியில் நுழைந்து, கோட்டை ஒரு விரல் அளவு தாண்டி, உடனே வெளியே உருண்டுவிட்டது. நடுவர் பார்க்கவில்லை. எதிரணிக்காரர்களே கையைத் தூக்கவில்லை. ஓரெஸ்ட் விளக்கைப் போட்டான்.

அந்த வருட ஆட்டப் பருவம் எங்களுக்கு அதோடு முடிந்தது. அவன் டிரக் மேல் பீர் ஊற்றினார்கள். ஒரு வாரம் அவனோடு யாரும் பேசவில்லை. அந்தக் கோலிப் பையன் தங்கியிருந்ததே ஓரெஸ்ட் வீட்டில்தான். வெளியூர்ப் பையன்களுக்கெல்லாம் எங்கள் வீடுகள்தானே தங்குமிடம். நெட்டி அவித்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவன் முகத்தை அவன் பார்க்காமல் இருந்தானாம். எட்டாம் நாள் அந்தப் பையனே கூட்டுறவுக் கடை காபி மேசைக்கு வந்து, "உள்ள போச்சு. எனக்கு அப்பவே தெரியும். ஓரெஸ்ட் போட்டது சரி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதிலிருந்து ஓரெஸ்ட் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லாமல் போனது. வேலித் தகராறு, கன்றுக்குட்டி யாருடையது என்கிற தகராறு, எதுவானாலும், "ஓரெஸ்ட் பாத்தானா?" என்று கேட்பார்கள். பார்த்தான் என்றால் பஞ்சாயத்து முடிந்தது. எனக்கு லேசாகப் பொறாமைகூட உண்டு. நான் ஒரு பருவத்துக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர், பனிப்புயலில், இருபத்து மூன்று பையன்களை உயிரோடு கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். என்னை யாரும் எதற்கும் சாட்சி கூப்பிட்டதில்லை.

2012 வாக்கில் அணி நொண்ட ஆரம்பித்திருந்தது. ஆயிரம் பேர் வந்த இடத்தில் நானூறு பேர். பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்தன. இருபத்து மூன்று பையன்களுக்கு இருபத்து மூன்று கட்டில் கிடைக்கவில்லை. கடைசி வருடம் நெட்டி மட்டும் மூன்று பேரை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மேற்கே, ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோர்மன் என்கிற எண்ணெய் நகரத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். புது அரங்கம் கட்டிவிட்டாராம், உள்ளே ஆட அணி இல்லையாம்.

பேட்ஜர்ஸ் ஊருக்குச் சொந்தமான அணி. பருவச் சீட்டு வாங்கிய குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. விற்பதா வேண்டாமா என்று உறுப்பினர்கள்தான் சொல்ல வேண்டும். வர முடியாதவர்கள் ஒரு மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பலாம். அந்தத் தாளைக் கூட்டத்தில் செயலாளர் லோர்னா ஃபிட்ச்சிடம் ஒப்படைத்தால் அதுவும் ஓட்டு.

முதியோர் இல்லத்தில் ஒன்பது பேருக்குப் பருவச் சீட்டு இருந்தது. ஒருவராலும் நடக்க முடியாது, ஆனாலும் வாங்குவார்கள். ஒன்பது பேரும் வேண்டாம் என்று தாளில் எழுதி, யாரிடம் கொடுப்பார்கள்? ஓரெஸ்டிடம்தான். அதில் எஃபி டோர்கர்சனுக்குத் தொண்ணூற்றொரு வயது. இருபது வருடம், தப்பு செய்த ஆட்டக்காரனை உட்காரவைக்கிற தண்டனைப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எதிரணிப் பையன்களை வாய்க்கு வந்தபடி திட்டியவள்.

"தம்பி, இத நெஞ்சுக்குப் பக்கத்துல வெச்சுக்கோ," என்று அவன் சட்டைப் பையில் அவளே செருகினாளாம்.

கூட்டம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிக்கு. விதைப்பு உச்சத்தில் இருந்த நேரம். புதன்கிழமை மழை என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. ஓரெஸ்டுக்கு இன்னும் அரை வயல் பாக்கி. அவன் டிராக்டரில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டான். எங்கள் ஊரில் பிறந்தவன் எவனும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பான். டன்வெல்லில் ஏழு மணிக் கூட்டம் என்றால் ஏழே காலுக்குக் காபி, போன கூட்டக் குறிப்பு, கழிப்பறைக் குழாய் பற்றி அரை மணி, பிறகு காபி மேசை டெல்மர் எழுந்து நாங்கள் ஜெயித்த 1983 கோப்பையைப் பற்றி இருபது நிமிடம். ஓட்டு ஒன்பதுக்கு முன்னால் நடந்தால் அதிசயம். இன்னும் மூன்று சுற்று அடித்துவிட்டு எட்டு மணிக்குப் போய்விடலாம்.

அன்று அரங்கத்து மாடியில் என்ன நடந்தது என்றால், வந்திருந்த எல்லோருக்கும் விதைப்பு பாக்கி. ஏழு ஐந்துக்கே எவனோ எழுந்து, "பேசி என்ன ஆகப்போகுது, எல்லாரும் மனசுல முடிவு பண்ணிட்டுத்தான வந்திருக்கோம். மொதல்ல ஓட்டப் போட்டுடுவோம், வயலுக்குப் போகணும்," என்றான். மற்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏழே முக்காலுக்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். விற்கலாம் என்று நூற்று நாற்பத்து மூன்று. வேண்டாம் என்று நூற்று முப்பத்தெட்டு.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து, நிறுத்தியிருந்த பேருந்தில் ஏறி என் இருக்கையில் உட்கார்ந்தேன். வடக்கே எங்கள் பக்கம் மே மாதத்தில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும், வெயில் இன்னும் நன்றாக இருந்தது. ஏழு ஐம்பதுக்கு ஓரெஸ்டின் டிரக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே வந்தது. அவன் குதித்து இறங்கினான். சட்டைப் பைக்கு வெளியே மஞ்சள் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, பனித்தளத்தை வழவழப்பாக்குகிற மெஷின் போகிற பக்கவாசல் வழியாக உள்ளே ஓடினான்.

நான் எழுந்துபோய் அவனைத் தடுத்திருக்கலாம். முடிந்துவிட்டது, இப்போதே லோர்னாவிடம் சொல், இன்னும் யாரும் கலையவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் ஐந்து நிமிடம் கழித்துத்தான் போனேன். அதற்குள் அவனை நான்கைந்து பேர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் அழுதுகொண்டே, "நம்மால முடிஞ்சதச் செஞ்சோம்டா, ஓரெஸ்ட்," என்று அவன் முதுகில் தட்டினான். ஓட்டு நடந்தபோதே அவனும் கூட்டத்தில் இருந்தான் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அவன் பூட்ஸில் வயல் மண். சட்டைப் பை காலியாக இருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மழை. வேலியோரம் என்னைப் பார்க்க வந்தான். தாள்களைக் குப்பை எரிக்கிற பீப்பாயில் போட்டுக் கொளுத்திவிட்டானாம்.

"என்னோடதும் சேத்துப் பத்து ஓட்டு, வெர்ன். அஞ்சுலதான் தோத்தோம்," என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "போய்ச் சொல்லிடட்டுமா?"

இந்தக் கதையில் நான் சொல்ல விரும்பாத முதல் இடம் இது. நான் சொன்னேன்: "விடுடா. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் போயிருப்பாங்க. சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஜூனில் லாரிகள் வந்தன. கோல் வலைகள், ஆட்டக்காரர்களின் தோல் கவசங்கள், 1983 கோப்பைப் பதாகை எல்லாம் போயின. பேட்ஜர்ஸ் போய் கோர்மன் டிரில்லர்ஸ் ஆனார்கள்.

முதியோர் இல்லத்தில் எஃபி கேட்டாளாம், எங்கள் தாளைப் போட்டாயா என்று. போட்டேன் என்றானாம். யாரோ விரல் விட்டு எண்ணிப் பார்த்து, லோர்னா வைத்திருந்த மஞ்சள் தாள் பட்டியலில் இல்லத்துக்காரர் ஒருவர் பெயரும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். லோர்னா விதவை. பத்தொன்பது வருடமாகச் சம்பளமில்லாத செயலாளர். "அந்தத் தாள் என் கைக்கு வரவே இல்ல," என்றாள். அவள் மருமகனுக்குக் கோர்மனில் எண்ணெய் வேலை. ஊருக்கு அது போதாதா?

காபி மேசையில் டெல்மர் நேராகவே கேட்டான். "ஓரெஸ்ட், நீ அவ கையில குடுத்தியா இல்லியா?"

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஓரெஸ்ட் காபிக் கோப்பைக்குள் பார்த்தான். "குடுத்தேன்," என்றான்.

1991இல் சொந்த ஊருக்கு எதிராக விளக்கைப் போட்டவன் சொல்லிவிட்டான். அதற்கு மேல் லோர்னா தொண்டை கிழியக் கத்தினாலும் என்ன?

அக்டோபரில் ஊர்க் கூடத்தில் வான்கோழி விருந்து. எல்லாப் பெண்களும் ஏதாவது இனிப்பு செய்து கொண்டுவந்து நீள மேசையில் வைப்பார்கள். லோர்னா வழக்கம்போல சாஸ்கட்டூன் என்கிற காட்டுப் பழம் போட்ட கேக் கொண்டுவந்தாள். முந்தின வருடங்களில் முதலில் தீர்ந்துபோவது அதுதான். அன்று முந்நூறு பேர் அந்த மேசையைக் கடந்து போனார்கள். கடைசியில் அவள் அந்தக் கேக்கை அப்படியே, வெட்டுக்கூடப் படாமல், தட்டோடு தூக்கிக்கொண்டு போனாள். நானும் கடந்து போனவன்தான். எனக்கு அந்தக் கேக் மிகவும் பிடிக்கும். எடுத்தால் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று எடுக்கவில்லை. அறுபது வயது ஆண்பிள்ளை, ஒரு துண்டு கேக்குக்குப் பயந்தேன்.

அடுத்த வருடமும் கொண்டுவந்தாள், அதுவும் அப்படியே திரும்பிப் போனது. மூன்றாம் வருடம் அவள் வரவில்லை. அவள் வீட்டுப் புல்வெளியில் விற்பனைப் பலகை முளைத்திருந்தது. கோர்மனில் மகளோடு போய் இருக்கப்போகிறாளாம்.

"பாத்தியா, பாத்தியா? நான் சொல்லல?" என்று டெல்மர் மேசையைத் தட்டினான். இங்கே இருக்க விடாமல் துரத்திவிட்டு, அவள் போன திசையையே சாட்சி ஆக்கினோம்.

அந்தப் பலகையைப் பார்த்த மறுநாள் ஓரெஸ்ட் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"லோர்னா வீட்டுக்குப் போனேன். சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"'எனக்குத் தெரியாததையா சொல்ற'ன்னா. 'என் சமையக்கட்டுல வந்து சொல்லி எனக்கு என்ன ஆகணும்? பொய்ய எந்த மேசையில சொன்னியோ அந்த மேசைல போய்ச் சொல்லு'ன்னா." தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினான். "நாளைக்குப் பத்து மணிக்குப் போறேன். நீயும் இருப்பல்ல?"

"இருப்பேன்," என்றேன்.

இருந்தேன். அதே எட்டுப் பேர். ஓரெஸ்ட் உட்காரவில்லை. நின்றுகொண்டே, விதைப்பு, மூன்று சுற்று, பக்கவாசல், பீப்பாய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். "நான் அவ கையில எதையும் குடுக்கல. மூணு வருஷமா அவ பேர நான்தான் கெடுத்தேன்," என்றான்.

 பிறகு டெல்மர் எழுந்து அவன் தோளில் கை வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு பெரிய மனசுடா உனக்கு! போறவ நல்லபடியாப் போகட்டும்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கறியே. எங்களுக்கு உன்னத் தெரியாதா?"

"நெசமாத்தான் சொல்றேன், டெல்மர்."

"சரிப்பா, சரிப்பா. உக்காந்து காபியக் குடி."

ஓரெஸ்ட் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லா முகத்திலும் அதே இரக்கம். நாற்பது வருடம் பொய்யே சொல்லாதவன் என்று பெயர் வாங்கியவனுக்கு, உண்மையை நம்பவைக்க வழி தெரியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தான்.

"வெர்ன், நீ பஸ்ஸுல இருந்து பாத்தல்ல. சொல்லுடா இவங்ககிட்ட."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத்தான். பார்த்தாயென்றால் மூன்று வருடமாக என்ன புடுங்கிக்கொண்டிருந்தாய்? அந்தக் கேள்வி எனக்குக் காதிலேயே கேட்டது. நான் காபிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஓரெஸ்ட்," என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகும் வேலியோரம் பார்த்தால் கையை ஆட்டுவான், மழையைப் பற்றிப் பேசுவான். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. காபி மேசைக்கும் வருவதில்லை. லோர்னா வீட்டை விற்றுவிட்டுக் கோர்மனுக்குக் குடிபோனாள்.

2017 பிப்ரவரியில் ஓரெஸ்ட் கொட்டகையில் மாரடைப்பில் போய்விட்டான். நெட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அடக்கத்துல நீதான் பேசணும், வெர்ன். அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு. வெர்ன் பேசட்டும், அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்னு," என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கூடம் நிரம்பியிருந்தது. 1968 பட்டியலைச் சொன்னேன். 1991 விளக்கைச் சொன்னேன், பாதிப் பேர் அழுதார்கள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். தாள்கள் லோர்னாவிடம் போகவே இல்லை, அவள் சொன்னதுதான் உண்மை, ஓரெஸ்டும் மேசையில் வந்து உண்மையைத்தான் சொன்னான், நாம்தான் நம்பவில்லை என்றேன்.  சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் டெல்மர் என்னிடம் வந்து, மெதுவாக, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். பதில் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

எனக்கு அன்று உடம்பே லேசானது போல இருந்தது. உள்ளதைச் சொன்னால் பெருமை என்றே சொல்ல வேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் டிரக்கை எடுத்துக்கொண்டு கோர்மனுக்கு ஓட்டினேன்.

புது அரங்கம் பெரிதுதான். எங்கள் 1983 பதாகை அங்கே கூரையில் தொங்கியது. டன்வெல் என்று இருந்த இடத்தில் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். மாலை ஆட்டத்துக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. லோர்னா வாசலில் நின்று சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். சம்பளமில்லாமல்தான் இருக்கும், அவளைப் பற்றித் தெரியாதா. என்னைப் பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது.

"சொல்லிட்டேன், லோர்னா. ஊர் முழுக்க இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"வியாழக்கிழம. அடக்கத்துல."

"ஓ. அவன் செத்தப்புறம்." அடுத்தவர் சீட்டை வாங்கிக் கிழித்தாள். "அவன் உசுரோட நின்னு உன்னைக் கேட்டானாமே. எனக்குக் கடிதாசு எழுதியிருந்தான்."

நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்னு எவனும் கேக்கலியா?"

"கேட்டாங்க. டெல்மர் கேட்டான்."

"என்ன சொன்ன?"

உள்ளே ஆட்டம் ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் சீட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவள் வாங்கவில்லை.

"சாகறதுக்கு முந்தி ஓரெஸ்ட் என்கிட்ட தனியா சொன்னான்னு சொன்னேன்," என்றேன்.

லோர்னா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட இல்லை. பத்தொன்பது வருடம் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்ப பாத்தது யாருன்னு இன்னும் ஊருக்குத் தெரியாது," என்றாள். "ஓரமா நில்லு, வெர்ன். ஆளுங்க உள்ள போகணும்."

ஒன்பது மணி நேரம் திரும்பி ஓட்டினேன். நெட்டி அடக்கத்தில் பேசியதை எழுதித்தரச் சொல்லியிருக்கிறாள், ஊர்ப் பத்திரிகையில் போட வேண்டுமாம். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இதைத்தான் கொடுக்கப்போகிறேன். டெல்மரும் மற்றவர்களும் அந்த மேசையில் வைத்துத்தான் படிப்பார்கள். பார்த்தது நான். ஏழு ஐம்பதுக்கு, பேருந்தின் முன் கண்ணாடி வழியாக, நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். சொல்லாதே என்று அவனிடம் சொன்னதும் நான். ஞாபகம் இல்லை என்று சொன்னதும் நான்தான்.